அட்வான்ஸ் எங்க காசுங்க

போன ஞாயிற்றுக்கிழமையும் போய் நின்றேன். வீட்டைக் காலி செய்து நாலு மாதம் ஆகிறது. ஓனர் வீட்டுக் கேட்டின் முன்னால் நின்றது இது ஒன்பதாவது முறை. வாசலில் ஓனருடைய செருப்பு கிடந்தது. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்த அவர் மனைவி, "அவரு ஊருக்குப் போயிருக்காருங்க அம்மிணி, அடுத்த வாரம் வந்து பாரு" என்றார். நானும் அந்தச் செருப்பைப் பார்க்காத மாதிரி, "சரிங்க்கா, வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வரும்போதுதான் மனசு கொதித்தது. நான் கேட்கப் போனது என் காசு. ஆனால் கடன் கேட்கப் போனவள் மாதிரி குரலைத் தாழ்த்தி, கும்பிடாத குறையாக நின்றுவிட்டு வந்திருக்கிறேன். கொடுக்க வேண்டியவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், வாங்க வேண்டியவள் வெளியில் நிற்கிறாள். திருப்பூரில் வாடகை வீட்டில் இருந்து காலி செய்த எவரைக் கேட்டாலும் இந்தக் கேட்டையும் இந்தச் செருப்பையும் பார்த்திருப்பார்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம். மழை பொய்த்து, இருந்த கொஞ்சக் காட்டையும் குத்தகைக்கு விட்டுவிட்டு 2006இல் திருப்பூருக்கு வந்தோம். என் கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, பிறகு செக்கிங்கில் உட்கார்ந்தேன். காலை எட்டரை மணிக்கு உள்ளே போனால் இரவு எட்டுக்கு வெளியே வருவோம். அதற்கு ஒன்றரை ஷிப்ட் கணக்கு. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பு, மறுபடி திங்கள். இருபது வருடம் இப்படித்தான் ஓடியிருக்கிறது. இந்த ஊர் எங்களுக்குச் சோறு போட்டது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எனக்கு ஆறாமல் இருப்பது இந்த அட்வான்ஸ் விஷயம் ஒன்றுதான்.

2019 தை மாதம் வேலம்பாளையம் பக்கம் அந்த வீட்டுக்குப் போனோம். ஒரு ஹால், ஒரு சமையல் ரூம், தனி பாத்ரூம். அதுவரை லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ் என்று வரிசையில் நின்ற எங்களுக்கு, தனி பாத்ரூம் என்பது பெரிய விஷயம். மகள் வயசுக்கு வந்திருந்த நேரம். வாடகை 5,500, அட்வான்ஸ் 40,000 என்றார் ஓனர். என் கழுத்தில் இருந்த ஒன்றரைப் பவுன் செயினை விற்றோம். அப்போது பவுன் 25 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. செயின் பணத்தோடு கையிருப்பைச் சேர்த்து, நூறு ரூபாய்க் கட்டும் ஐந்நூறு ரூபாய்க் கட்டுமாக அவர் கையில் கொடுத்தேன். இருபது ரூபாய் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதினோம். அதில் கையெழுத்துப் போட்டதோடு சரி. அப்புறம் அந்தப் பத்திரத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. வாடகை மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

கிட்டத்தட்ட ஏழு வருடம். கொரோனாவில் கம்பெனி பூட்டிக் கிடந்த மாதங்களுக்கான வாடகையைக்கூட தவணையில் கட்டி முடித்தோம். சப்-மீட்டர் வைத்து யூனிட் ஒன்பது ரூபாய் என்று கரண்டுக்கு வாங்கினார். அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று கொடுப்பது எங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை. அதையும் கேட்டதில்லை. நல்ல வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டது. அந்த ஊருக்குப் போகிற ஆர்டரை நம்பியிருந்த எங்கள் கம்பெனியில் தைத்து முடித்த சரக்குப் பெட்டிகள் அப்படியே நின்றன. ஓவர்டைம் நின்றது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. சில வாரம் நாலு நாள்தான் வேலை. 5,500 வாடகை கட்ட முடியாது என்று தெரிந்துபோனது. தீபாவளி முடிந்ததும் ஓனரிடம் போய், "ஒரு மாசத்துல காலி பண்ணிக்கிறோமுங்கண்ணா" என்று சொன்னோம். "சரிம்மா, கணக்கு முடிச்சுக்கலாம்" என்றார். நவம்பர் கடைசி நாள் பாத்திர பண்டங்களை மினி டோரில் ஏற்றி மங்கலம் ரோட்டில் மறுபடியும் ஒரு லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சாவியை ஒப்படைக்கப் போன இடத்தில்தான் கணக்கு ஆரம்பித்தது.

ஓனரும் அவர் மனைவியும் வீடு முழுக்க நடந்தார்கள். ஹால் சுவரில் இருந்த ஆணிகளை எண்ணினார்கள். பதினொன்று. சமையல் ரூமில் அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் புகை ஏறிய இடத்தைக் காட்டினார்கள். அப்புறம் பாத்ரூமை ஒட்டிய சுவருக்கு வந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு அந்தச் சுவர் உப்புப் பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டால் கோலமாவு மாதிரி வெள்ளையாக ஒட்டும். பெயிண்ட் வீங்கிப் பொக்கை பொக்கையாக எழும்பி, அழுத்தினால் உதிரும்.

"நீங்க துணி அலசி ஊத்துன தண்ணியில போன சுவரு இது" என்றார் ஓனர்.

"இல்லீங்கண்ணா, குழாய் சுவத்துக்குள்ளயே கசியுதுன்னு ரெண்டு வருசமா நான் சொல்லிட்டுத்தான இருந்தேன். உப்புத் தண்ணிக் குழாய்ங்க. நீங்க ஒருக்கா பிளம்பரைக் கூட்டிட்டு வந்து பாத்துட்டு, ஓடு உடைக்கணும்னு சொன்னதும் அப்புறம் பாக்கலாம்னு போயிட்டீங்க."

"அதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை அம்மிணி."

ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். வீடு முழுக்கப் பெயிண்ட் 14,000. அந்தச் சுவரைக் கொத்திப் பூச 6,000. இரண்டு குழாய் மாற்ற 1,200. கரண்ட் பாக்கி 640. இரண்டு மாதம் முன்னாடி சொல்லாததால் ஒரு மாத வாடகை 5,500. மொத்தம் 27,340. மீதி 12,660. அதையாவது கொடுத்தாரா என்றால், "அடுத்து ஆள் வந்து அட்வான்ஸ் குடுக்கட்டும், அதுல இருந்து தர்றேன்" என்றார்.

நான் செக்கிங் வேலை செய்கிறவள். டியூப்லைட்டுக்குக் கீழே டேபிளில் பீஸை விரித்து, உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பி, ஆயில் கறை இருக்கிறதா, ஊசி வெட்டு இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, கலர் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்க்கிறேன். எந்தக் குறை யாரால் வந்தது என்று பிரிப்பதுதான் இந்த வேலையின் உயிர். தையல் விட்டிருந்தால் திருத்தித் தைக்க டெய்லருக்கு ஆல்டர் போகும். துணியிலேயே ஓட்டை இருந்தால் நிட்டிங்கில் வந்த குறை, அதை டெய்லர் தலையில் கட்ட முடியாது. சாயம் திட்டுத் திட்டாக இருந்தால் அது சாயப்பட்டறையின் பொறுப்பு. வெளிநாட்டுப் பையர் டெபிட் போட்டால்கூட, எந்தப் பீஸில் என்ன குறை என்று போட்டோவோடு அனுப்ப வேண்டும். கம்பெனி அதற்குப் பதில் சொல்லும். ஒத்துக்கொண்ட பிறகுதான் பில்லில் கழிப்பார்கள். போட்டுத் துவைத்துத் துவைத்து ஏழு வருடம் கழித்து வெளுத்த பனியனுக்கு எந்த ஊர்க்காரனும் டெபிட் போட மாட்டான்.

வீட்டுக்கும் அதே நியாயம்தானே? நான் சுவரை உடைத்திருந்தால் என் பொறுப்பு. கண்ணாடியை உடைத்திருந்தால் என் பொறுப்பு. ஏழு வருடத்தில் பெயிண்ட் மங்குவதற்கு நான் என்ன செய்வேன்? நான் அங்கே இல்லாமல் வீடு பூட்டிக் கிடந்திருந்தாலும் அது மங்கித்தான் போயிருக்கும். தேய்மானம் வேறு, சேதம் வேறு. அந்தத் தேய்மானத்துக்குத்தான் மாதா மாதம் வாடகை வாங்கினார்.

இதை நான் கம்பெனியில் புலம்பிக்கொண்டிருந்தபோது, ஆபீஸில் கணக்குப் பார்க்கிற தம்பி ஒருவர், "அக்கா, இதுக்குச் சட்டமே இருக்குதுங்க" என்று போனில் எடுத்துக் காட்டினார். அதன் பிறகுதான் என் ஆதங்கம் இரண்டு மடங்கானது. 2017இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று பேர். நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. தை மாதம் நாங்கள் அந்த வீட்டில் பால் காய்ச்சினோம், மாசியில் சட்டம் வந்துவிட்டது. ஏழு வருடம் அது எங்கள் கூடவே இருந்திருக்கிறது. எங்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்குத் தெரியாது என்பதால் ஓனருக்கும் கவலையில்லை.

அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அட்வான்ஸைப் பற்றியது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டப்படி செல்லாது என்கிறது. வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் கொடுக்க வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அடுத்து ஆள் வந்த பிறகு தரலாம் என்று அதில் எங்கேயும் இல்லை.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தச் சட்டத்தின் கடைசியில் இருக்கும் இரண்டாவது அட்டவணை. எந்த வேலை ஓனருடையது, எந்த வேலை குடியிருப்பவருடையது என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். குழாய், குழாய் வாசர், சுவிட்ச், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் பதித்து மாற்றுவது, வயரிங், கட்டடத்தின் பெரிய ரிப்பேர் ஆகியவை ஓனரின் பொறுப்பு. அந்தத் தம்பி படிக்கப் படிக்க நான் அந்த நோட்டுத் தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். 14,000 போனது. சுவருக்குள் கசிந்த குழாயால் வந்த 6,000 போனது. ஒரு மாத வாடகைக் கழிவும் நிற்கவில்லை. எங்கள் பத்திரத்தில் இரண்டு மாத நோட்டீஸ் என்று எழுதவே இல்லை. மாத வாடகைக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும் என்று 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறதாம். நாங்கள் ஒரு மாதத்துக்கு மேல் முன்னாடியே சொன்னோம்.

குழாய் 1,200 மட்டும் நின்றது. அது சட்டப்படி என் பொறுப்பு. ஒத்துக்கொள்கிறேன். கரண்ட் பாக்கி 640ம் என்னுடையதுதான். செக்கிங் டேபிளில் என்ன நியாயமோ அதுதான் எனக்கும். என் குறையை மறைத்துவிட்டு அடுத்தவர் குறையைச் சொல்ல மாட்டேன்.

சட்டம் இப்படி எழுதி வைத்திருக்கிறதே, பிறகு ஏன் ஊர் முழுக்க இந்தக் கதை நடக்கிறது? எங்கள் லைனில் மட்டும் பன்னிரண்டு வீடு. முந்தின வீட்டில் அட்வான்ஸ் முழுசாகத் திரும்ப வாங்கினவர்கள் யார் என்று ஒரு நாள் தண்ணி பிடிக்கும்போது கேட்டேன். இரண்டு பேர்தான் சொன்னார்கள். மற்றவர்களில் ஒருத்திக்குப் பெயிண்ட் என்று பிடித்தார்கள். இன்னொருத்திக்கு மோட்டார் ரிப்பேர் என்று பிடித்தார்கள். ஒரு அக்கா, "ஆறு மாசம் அலைஞ்சோம், பஸ் காசுதான் போச்சு, அப்புறம் விட்டுட்டோம்" என்றார். ஒடிசாவில் இருந்து வந்து கடைசி வீட்டில் நாலு பேராகத் தங்கியிருக்கும் பையன்களுக்கு இன்னும் மோசம். முன்பு இருந்த இடத்தில் அட்வான்ஸை யார் வாங்கினார்கள், ஓனரா கான்ட்ராக்டரா என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்கப் போனால் பாஷையும் தெரியாது.

இந்த ஊர் அடிக்கடி வீடு மாறுகிறவர்களின் ஊர். ஆர்டர் வந்தால் ஆள் வருவார்கள், ஆர்டர் போனால் ஆள் போவார்கள். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றைக் காப்பாற்ற உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டியது என்று கண்ணால் பார்த்தோம். 2020 ஊரடங்கில் மறுபடி பார்த்தோம். அவசரத்தில் கிளம்புகிறவன் அட்வான்ஸுக்காக உட்கார்ந்திருக்க முடியாது. ரயிலைப் பிடிப்பானா, ஓனரைப் பிடிப்பானா?

இன்னொரு காரணம், அட்வான்ஸ் என்ற பேரில் வாங்கும் காசு ஓனரிடம் இருப்பதே இல்லை. எங்கள் ஓனர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கொடுத்துவிட்ட வீடு அது. என் கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆனால் எங்கள் நாற்பதாயிரத்தை வாங்கின வருடமே போர் போடச் செலவு செய்துவிட்டார். அதை அவரே என்னிடம் சொன்னார். இப்போது எனக்குத் தர அவரிடம் காசு இல்லை. புதிதாக வருகிறவரின் அட்வான்ஸில் இருந்துதான் எனக்குத் தர வேண்டும். அந்தப் புது ஆள் காலி செய்யும்போது அதற்கடுத்து வருகிறவரின் காசு. ஏலச்சீட்டு மாதிரி ஒருவர் காசு அடுத்தவர் கையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சுற்றில் எங்கேயாவது ஒரு இடத்தில் காசு நின்றால், பெயிண்ட் என்றும் ஆணி என்றும் பேர் சொல்லி நம் தலையில் கழிக்கிறார்கள்.

நமக்கோ இரண்டு பக்கமும் அடி. பழைய வீட்டு அட்வான்ஸ் வந்தால்தான் புது வீட்டுக்குக் கொடுக்க முடியும். அது வராததால் நூற்றுக்கு ஐந்து வட்டியில் இருபதாயிரம் வாங்கி இந்த லைன் வீட்டுக்குக் கொடுத்தோம். மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி. நாலு மாதத்தில் நாலாயிரம் போய்விட்டது. என் காசு அவரிடம் வட்டியில்லாமல் இருக்கிறது. அந்தக் காசு கைக்கு வராததால் நான் வட்டி கட்டுகிறேன்.

ஷிப்டுக்கு எனக்கு 400 ரூபாய். நாற்பதாயிரம் என்றால் நூறு ஷிப்ட். நூறு நாள் நின்று, கண் எரிய எரிய பீஸ் பார்த்த கூலி. செயினை விற்ற கணக்கில் பார்த்தால் நெஞ்சு வலிக்கிறது. நாங்கள் காலி செய்த நாளில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2019இல் ஒன்றரைப் பவுனாக இருந்த காசு, முழுசாகத் திரும்பி வந்தால்கூட இன்றைக்கு அரைப் பவுனுக்குக் காணாது.

ஓனர்களுக்கும் சங்கடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மூன்று மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு, கரண்ட் பில்லும் கட்டாமல், பூட்டை மட்டும் தொங்கவிட்டுப் போகிற ஆட்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். ஏழு வருடம் தேதி தவறாமல் கட்டினவர்கள் அவர்களுக்கும் சேர்த்துத் தண்டம் கட்ட முடியாது. கையில் ஒரு ஈடு வேண்டும் என்று ஓனர் நினைப்பது நியாயம். அந்த ஈட்டை எடுத்துச் செலவு செய்துவிட்டு, கேட்கிறவளை அலைய விடுவதைத்தான் நியாயம் இல்லை என்கிறேன்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்று சொல்லும் அதே பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால்தான் அப்படி என்று ஆரம்பிக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் ஏழு மாதம், பத்து மாதம் எல்லாம் நுழைந்துவிடுகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடத்தான் செய்வார். இதற்கு முன்னால் இருந்த 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று இருந்ததாம். ஒரு மாதம் என்றது மூன்று மாதம் ஆகி, மூன்று மாதமும் ஏட்டில் நிற்கிறது. 2021இல் மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் அனுப்பிய மாதிரிச் சட்டத்தில் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம்தான் உச்சவரம்பு.

இன்னொரு முக்கியமான விஷயம், ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவரை இதற்கென்று வைத்திருக்கிறார்கள். ஆன்லைனிலேயே பதியலாம். எங்களிடம் இருப்பது பதினொரு மாதத்தில் காலாவதியான இருபது ரூபாய்ப் பத்திரம். பதிவு நம்பர் இல்லாத தாளை வைத்துக்கொண்டு போனால் நம் பக்கம் நியாயம் இருந்தும் கை பலவீனமாகிவிடுகிறது. கொடுத்த அட்வான்ஸும் ரொக்கம். ரசீது இல்லை. பத்திரத்தில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் சாட்சி. ஒரு நாள் மனுவோடு அந்த அதிகாரியிடம் போக வேண்டும் என்றால் ஒரு ஷிப்ட் போகும். ஒரு ஷிப்டுக்காக வார போனஸும் போகும். கூலி வேலைக்காரர்கள் ஏன் கேஸ் போடுவதில்லை என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

நாங்கள் செக்கிங் பார்த்து, மடித்து, பெட்டியில் போட்டு அனுப்பும் பனியன்கள் போய்ச் சேருகிற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று அந்தத் தம்பி சொன்னார். இங்கிலாந்தில் 2007 ஏப்ரலில் இருந்து, வாங்கின அட்வான்ஸை அரசு அங்கீகரித்த ஒரு திட்டத்தில் ஓனர் பதிந்து பாதுகாக்க வேண்டும். முப்பது நாளுக்குள் செய்யாவிட்டால், அந்த அட்வான்ஸைப் போல ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை வாடகைதாரருக்கே கொடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடும். ஜெர்மனியில் மூன்று மாத வாடகைதான் உச்சம். அதையும் ஓனர் தன் சொந்தக் காசோடு கலக்காமல் தனியாக வட்டிக்குப் போட்டு வைக்க வேண்டும். அந்த வட்டி குடியிருப்பவருக்குச் சேரும். ஆஸ்திரேலியாவில் சிட்னி இருக்கும் மாநிலத்தில் 1977இலேயே இதற்கென்று அரசு வாரியம் அமைத்துவிட்டார்கள். காசு ஓனர் கையில் நிற்பதே இல்லை, வாரியத்தில் இருக்கிறது. காலி செய்யும்போது ஓனர் கழிக்க வேண்டும் என்றால் அதற்குக் காரணத்தை அவர்தான் காட்ட வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? என் சம்பளத்தில் பிடிக்கும் பி.எப். பணத்துக்கு ஒரு நம்பர் இருக்கிறது. கம்பெனி மாறினாலும் அந்தக் காசு என் நம்பரிலேயே நிற்கிறது, என் முதலாளி எடுத்துப் போர் போட முடியாது. கரண்ட் ஆபீஸில் கட்டும் டெபாசிட்டுக்கு வருடா வருடம் வட்டி கணக்குப் போட்டு பில்லில் கழித்துக் கொடுக்கிறார்கள். எங்கள் ஓனர் தன் மீட்டருக்குக் கட்டின டெபாசிட்டுக்கு அவருக்கு வட்டி வருகிறது. நான் அவருக்குக் கட்டினதற்கு எனக்கு அசலே வரவில்லை. பி.எப்.புக்கும் மின்சாரத்துக்கும் செய்ய முடிகிறதை வீட்டு அட்வான்ஸுக்கு ஏன் செய்ய முடியாது? ஒப்பந்தத்தைப் பதியும்போதே காசையும் அரசு கணக்கில் கட்டு, காலி செய்யும்போது இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள் என்று ஒரு வழி செய்தால், இந்த ஊரில் ஆயிரக்கணக்கான பேர் ஞாயிற்றுக்கிழமையை ஓனர் வீட்டு வாசலில் தொலைக்காமல் பிள்ளைகளோடு இருப்பார்கள். அரசாங்கம் இதைச் செய்ய வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அது வரும் வரைக்கும், என்னை மாதிரி வீடு தேடி அலைகிற அக்கா தங்கச்சிகளுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாகப் போடுங்கள். குடி போகிற அன்றைக்கே, சாமான் இறக்குவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் குழாயையும் போனில் போட்டோ எடுத்து ஓனருக்கும் அனுப்பி வையுங்கள். கசிவு, விரிசல் என்று எதைச் சொன்னாலும் வாயால் சொல்லாமல் மெசேஜில் சொல்லுங்கள். நான் இரண்டு வருடம் வாயால் சொன்னதுதான் இன்றைக்கு "ஞாபகமில்லை" என்று ஆகிவிட்டது. பெயிண்ட் யார் பொறுப்பு, எத்தனை நாள் நோட்டீஸ், எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று பத்திரத்தில் எழுதச் சொல்லிப் பதிவு நம்பர் வாங்குங்கள். பிரச்சினை வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம். சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். ஆலைத் தொழிலாளி என்ற முறையிலும் அந்த உரிமை நமக்கு உண்டு. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள். காசு பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

நானும் விடப்போவதில்லை. அந்த நோட்டுத் தாளின் பின்பக்கம் என் கணக்கை எழுதி, சட்டப் பிரிவு நம்பரையும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதற்கும் பதில் வராவிட்டால் ஒரு ஷிப்ட் போனாலும் பரவாயில்லை என்று சட்ட உதவிக்குப் போய் நிற்பேன். ஓனர் அண்ணா, உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. நீங்கள் போட்ட போரில் வந்த தண்ணியை ஏழு வருடம் நானும்தான் குடத்தில் பிடித்தேன். கொடுத்த அட்வான்ஸ் 40,000. குழாய்க்கு 1,200, கரண்டுக்கு 640, இரண்டும் என் பாக்கி. மீதி 38,160. அது எங்க காசுங்க. கொடுத்துடுங்க.